பழைய கிரேக்க நகைச்சுவை நாடகங்கள்: புதிதாகப் படிக்க வருபவருக்கு

ஏதென்ஸின் நகைச்சுவை நாடகக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸைப் படித்துப் பார்க்கலாம் என்று முதன்முதலில் உட்கார்ந்தபோது நான் எடுத்தது ‘பறவைகள்’. பெயர் பிடித்திருந்தது, வேறு காரணம் இல்லை. அவருடைய நாடகங்களிலேயே அதுதான் நீளமானது என்று அப்போது தெரியாது. பக்கத்துக்கு நாலு வரி வசனம், மிச்சமெல்லாம் அடிக்குறிப்பு. இவன் யார், அவன் பெயரைச் சொன்னதும் ஏதென்ஸ்காரர்கள் ஏன் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்தால், வரவிருந்த சிரிப்பும் போயிருக்கும். முப்பது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். மறுபடி கையில் எடுக்க இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது போட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். இந்த நாடகங்கள் பரிசுக்காக எழுதப்பட்டவை. ஏதென்ஸில் மதுவின் கடவுளான டயோனைசஸுக்கு நாடகம் போடும் பெரிய விழாக்கள் இரண்டு: குளிர்காலத்தில் லெனையா, வசந்தத்தில் நகர டயோனைசியா. நகர டயோனைசியாவில் நகைச்சுவைக்கு அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது கி.மு. 486-இல்; லெனையாவில் 440 வாக்கில். வழக்கமாக ஐந்து கவிஞர்கள், ஆளுக்கு ஒரு நாடகம். கோரஸுக்கு, அதாவது சேர்ந்து பாடி ஆடும் குழுவுக்கு, 24 பேர். அவர்களுக்குப் பயிற்சி, உடை, சாப்பாடு என்று ஆகும் செலவு முழுவதையும் ஊரில் ஒரு பணக்காரர் தலையில் கட்டிவிடுவார்கள். பெண் வேடம் உட்பட எல்லாமே ஆண்கள்தான். முகமூடி, வயிறும் பின்புறமும் புடைத்துத் தெரிய உள்ளே திணிப்பு, ஆண் பாத்திரமென்றால் முன்னால் தொங்கும் ஒரு தோல் குறி. தீர்ப்புச் சொல்பவர்கள் குலுக்கலில் வந்த பத்துப் பேர்.

ஆக, எழுதியவருக்கு இருந்தது ஒரே வாய்ப்பு. எதிரே அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. கேலி செய்யப்படுகிற ஆளும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான், தோற்கடிக்க வேண்டிய போட்டிக் கவிஞனும் அங்கேயே இருக்கிறான். அதனால் கவிஞர் வெட்கமே படாமல் நடுவர்களிடம் நேராகப் பரிசு கேட்கிறார். ‘பறவைகள்’ நாடகத்தில் கோரஸ் சொல்வதைப் பாருங்கள்: எங்களுக்குப் பரிசு கொடுத்தால் லாரியம் ஆந்தைகள் உங்கள் வீட்டை விட்டுப் போகாது, பணப்பைக்குள்ளேயே கூடு கட்டிச் சில்லறைக் குஞ்சு பொரிக்கும். லாரியத்தில் இருந்தது வெள்ளிச் சுரங்கம். ஏதென்ஸ் காசில் இருந்தது ஆந்தை. பரிசு கொடுக்காவிட்டால்? நீங்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு வெளியே கிளம்பும் நாளாகப் பார்த்து எல்லாப் பறவைகளும் உங்கள் மேல் எச்சமிடும்.

இவ்வளவு மிரட்டியும் கி.மு. 414-இல் அந்த நாடகத்துக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்தான். முதல் பரிசு அமெய்ப்ஸியாஸ் என்பவருக்குப் போனது. இந்தப் பெயரை ஞாபகத்தில் வையுங்கள், திரும்ப வரும்.

எந்த மொழிபெயர்ப்பு?

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் நூறு வருடப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள். பெஞ்சமின் பிக்லி ரோஜர்ஸ் அழகான செய்யுளாகப் பெயர்த்திருக்கிறார். ஆனால் கொச்சை வரும் இடங்களில் மனிதர் கூச்சப்பட்டு நழுவிவிடுவார். அரிஸ்டோஃபனீஸில் கொச்சையை எடுத்துவிட்டால் ரசத்தில் புளியை எடுத்த மாதிரி. 1912-இல் பெயர் போடாமல் வந்த ஓர் உரைநடை மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் தளத்தில் இருக்கிறது, அது இந்த விஷயத்தில் பரவாயில்லை. காசு கொடுத்து வாங்குவதென்றால் ஆலன் சாமர்ஸ்டைன் அல்லது ஜெஃப்ரி ஹெண்டர்சன். ஹெண்டர்சனுடையது லோப் வரிசையில் இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம் என்று வரும்.

தேடும்போது தலைப்புகளில் குழம்பிவிடாதீர்கள். ‘புளூட்டஸ்’ என்றாலும் ‘செல்வம்’ என்றாலும் ஒரே நாடகம். ‘எக்லீசியாஸூசை’ என்று பயமுறுத்துவது, பெண்கள் சபையைக் கைப்பற்றும் நாடகம். ஆள் பெயரிலும் இதே தொல்லை. பிளாட்டோ என்ற பெயரில் தத்துவஞானி தவிர ஒரு நகைச்சுவைக் கவிஞரும் உண்டு. அரிஸ்டோஃபனீஸ் என்ற பெயரில் பின்னாளில் அலெக்சாந்திரியாவில் ஒரு நூலகர் இருந்தார், பைசாந்தியத்துக்காரர்.

‘தவளைகள்’ நாடகத்தில் தொடங்குங்கள்

அரிஸ்டோஃபனீஸ் நாற்பது நாடகங்கள் போல எழுதினார், முழுசாகத் தப்பியவை 11. அந்தப் பதினொன்றையும் ஒருசேர வைத்திருக்கும் பழைய சுவடி ஒன்றே ஒன்றுதான், கி.பி. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இத்தாலியில் ராவென்னாவில் இருக்கிறது. பலர் ‘லிசிஸ்ட்ராட்டா’வில் தொடங்கச் சொல்வார்கள். போரை நிறுத்தும்வரை புருஷனைக் கிட்ட சேர்ப்பதில்லை என்று பெண்கள் சபதம் எடுக்கும் கதை, கேட்டதுமே பிடித்துப்போகும். என் அனுபவத்தில் அந்த ஒற்றை யோசனையைக் கேள்விப்பட்டு வருபவர்கள் அதற்கு மேல் எதையும் பார்க்காமலேயே முடித்துவிடுகிறார்கள். ‘தவளைகள்’ அப்படி விடாது.

கி.மு. 405. ஸ்பார்ட்டாவோடு நடக்கும் போர் இருபத்தாறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடம் ஏதென்ஸ் தோற்கப்போகிறது. துன்பியல் நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸ் செத்துப்போய்விட்டார், சோஃபோக்ளீஸும் போய்விட்டார். நல்ல கவிஞன் ஒருவன் கூட இல்லையே என்று டயோனைசஸ் கடவுளே கீழுலகத்துக்குக் கிளம்புகிறார், யூரிப்பிடீஸைத் திருப்பிக் கூட்டிவர. வழியில் பயம், அதனால் தன் மஞ்சள் அங்கிக்கு மேல் ஹெராக்ளிஸ் மாதிரி சிங்கத்தோலைப் போர்த்திக்கொள்கிறார். கூடவே அடிமை ஸாந்தியாஸ், கழுதை மேல் உட்கார்ந்துகொண்டு, மூட்டையைத் தன் தோளில் சுமந்தபடி.

முதல் வரியை மெதுவாகப் படியுங்கள். “எஜமானே, பார்க்கிறவர்கள் எப்போதும் சிரிக்கிற அந்த வழக்கமான ஜோக் ஒன்றைச் சொல்லட்டுமா?” என்கிறான் ஸாந்தியாஸ். எது வேண்டுமானாலும் சொல், பாரம் அழுத்துகிறது என்பதை மட்டும் சொல்லாதே, கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்கிறார் டயோனைசஸ். ஃபிரினிகஸும் அமெய்ப்ஸியாஸும் எப்போதும் செய்வார்களே, அதை நான் செய்யக்கூடாதென்றால் இந்த மூட்டையை எதற்குத் தூக்கினேன் என்று அவன் புலம்புகிறான். அதே ஃபிரினிகஸ் அந்த விழாவில் எதிர்ப்போட்டியாளர். கடைசியில் இரண்டாம் இடம் வாங்கியவர். ஆக, வாய் திறந்த உடனே போட்டியாளரின் ஜோக்கை மட்டம் தட்டியாகிவிட்டது, அதே ஜோக்கைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியாகிவிட்டது.

கொஞ்ச தூரம் போனால் கீழுலகத்தில் ஒரு பேய் வருகிறது. டயோனைசஸ் அலறிக்கொண்டு மேடையை விட்டே ஓடி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டயோனைசஸ் கோயில் பூசாரியிடம் போய்க் காப்பாற்று என்கிறார். அந்தப் பூசாரி நிஜ ஆள், அது அவருடைய நிஜ இருக்கை. கடவுள் தன் விழாவில் தன் பூசாரியிடம் அடைக்கலம் கேட்கிறது. சற்றுக் கழித்துப் பயத்தில் உடுப்பிலேயே மலமும் கழித்துவிடுகிறது.

பின்பாதியில் எஸ்கிலஸும் யூரிப்பிடீஸும் யார் பெரிய கவிஞர் என்று மோதிக்கொள்வார்கள். “எனக்குக் கிரேக்கத் துன்பியல் தெரியாதே” என்று இங்கே பலர் பின்வாங்குகிறார்கள். தெரியத் தேவையில்லை. தராசு கொண்டுவந்து இருவரின் வரிகளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆளுக்கு ஒரு தட்டு, அதில் ஒரு வரி. யூரிப்பிடீஸ் கப்பல் பறந்துபோனதைப் பற்றி ஒரு வரி போடுகிறார். எஸ்கிலஸ் ஓர் ஆற்றின் பெயரைப் போடுகிறார். எஸ்கிலஸின் தட்டு இறங்குகிறது. ஏன்? கம்பளி வியாபாரி எடை கூட்டக் கம்பளியை நனைக்கிற மாதிரி ஆற்றை உள்ளே விட்டுவிட்டார். அடுத்து யூரிப்பிடீஸ் ‘வசிய வாக்கு’, எஸ்கிலஸ் ‘மரணம்’. மரணம் கனம். கடைசியாக யூரிப்பிடீஸ் தேடிப்பிடித்து இரும்பு பூண்ட கதாயுதம் ஒன்றைப் போடுகிறார். எஸ்கிலஸ் போடும் வரியில் தேர் மேல் தேர், பிணத்தின் மேல் பிணம். இரண்டு தேர், இரண்டு பிணம், நூறு எகிப்தியர் சேர்ந்தாலும் தூக்க முடியாது என்கிறார் டயோனைசஸ்.

அதற்கு முன்னால் வரும் எண்ணெய்க் குப்பி கட்டமும் அப்படித்தான். யூரிப்பிடீஸ் தன் நாடகங்களின் தொடக்க வரிகளைக் கம்பீரமாகச் சொல்லச் சொல்ல, எஸ்கிலஸ் ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும் புகுந்து “...தன் எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான்” என்று முடித்துவைக்கிறார். ஐம்பது மகன்களோடு கப்பலேறி ஆர்கோஸில் வந்திறங்கிய ஈகிப்டஸ், தன் எண்ணெய்க் குப்பியைத் தொலைத்தான். எந்த வரியைச் சொன்னாலும் இது ஒட்டிக்கொள்கிறது. எல்லாத் தொடக்கமும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதைக் காட்ட இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

‘தவளைகள்’ முதல் பரிசு வாங்கியது. கோரஸ் நாட்டுக்குச் சொன்ன புத்திமதிக்காக மறுபடி ஒருமுறை மேடையேற்றினார்கள் என்று பழைய குறிப்பு சொல்கிறது.

படிக்கும் முறை

ஒரு நாடகத்தை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை அடிக்குறிப்பு பக்கமே போகாதீர்கள். தெரியாத பெயர் வந்தால் “ஊரில் யாரோ ஒரு கோழை”, “யாரோ ஒரு தின்னி” என்று வைத்துக்கொண்டு நகருங்கள். முக்கால்வாசி சரியாகவே இருக்கும். மேடையில் யார் எங்கே நிற்கிறார், கையில் என்ன, இதை மட்டும் விடாதீர்கள். இந்த நாடகங்களில் பாதிச் சிரிப்பு சாமான்களில் இருக்கிறது. இரண்டாம் தடவை அடிக்குறிப்போடு.

நடுவில் ஓரிடத்தில் கதை அப்படியே நின்று, நடிகர்கள் உள்ளே போய், கோரஸ் நேராகப் பார்வையாளர்களோடு பேச ஆரம்பிக்கும். இதற்குப் பெயர் பராபஸிஸ். புதிதாக வருபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், கதைக்குச் சம்பந்தமில்லை என்று. தாண்டாதீர்கள். கவிஞர் வெட்டவெளியில் வந்து தன்னைப் புகழ்ந்து, எதிரியைத் திட்டி, பரிசு கேட்கும் இடம் இதுதான்.

இன்னொன்று, கூச்சம். குசு, மலம், உடலுறவு எல்லாம் தாராளமாக வரும். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தால் ஒரு முறை தனியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து ‘குளவிகள்’, அப்புறம் ‘மேகங்கள்’

‘குளவிகள்’ கி.மு. 422. நீதிமன்றத்துக்குப் போய் ஜூரியாக உட்காராவிட்டால் தூக்கம் வராத ஒரு கிழவர். நாள் கூலி மூன்று ஓபல், சின்ன வெள்ளிக் காசு. மகன் அவரை வீட்டுக்குள் அடைத்து வலை போட்டு வைக்கிறான். கிழவர் புகைபோக்கி வழியாகத் தலையை நீட்டுகிறார். யாரது? “நான் புகை, வெளியே போய்க்கொண்டிருக்கிறேன்.” என்ன விறகுப் புகை? “அத்தி.” கடைசியில் மகன் வீட்டிலேயே ஒரு நீதிமன்றம் வைத்துக் கொடுக்கிறான். குற்றவாளி, சிசிலிப் பாலாடைக்கட்டியைத் திருடித் தின்ற நாய். வாதியும் நாய். சாட்சி சொல்வது பாலாடைக்கட்டி துருவி. கிழவர் அவசரத்துக்கு எழுந்து போகவேண்டியதில்லை, மூத்திரச் சட்டி பக்கத்திலேயே தொங்குகிறது. தீர்ப்புக்கு முன் நாய்க்குட்டிகளை ஏற்றி அழவைக்கிறார்கள். ஏதென்ஸ் நீதிமன்றங்களில் குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தி இரக்கம் தேடும் வழக்கத்தைத்தான் இப்படிக் குத்துகிறார். அந்த நாய்களுக்குப் பின்னால் இரண்டு நிஜ அரசியல்வாதிகள் இருக்கிறார்கள். வாதி நாய், அரிஸ்டோஃபனீஸின் பரம எதிரி கிளியோன். திருட்டு நாய் லபேஸ், சிசிலிக்குப் படை கொண்டுபோன லாகீஸ். அது இரண்டாம் வாசிப்புக்கு.

‘மேகங்கள்’ படிக்கும்போது அதன் தோல்வியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மகனின் குதிரைப் பைத்தியத்தால் கடனில் மூழ்கிய தகப்பன், கடன்காரர்களை வாயாலேயே ஏமாற்றக் கற்றுக்கொள்ள சாக்ரட்டீஸின் பள்ளிக்குப் போகிறான். சாக்ரட்டீஸ் கூடையில் ஏறி அந்தரத்தில் தொங்குகிறார். ஒரு தெள்ளுப்பூச்சி தன் காலின் அளவில் எத்தனை அடி தாண்டும் என்று அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. பூச்சியின் காலை உருகிய மெழுகில் முக்கி, அது காய்ந்ததும் செருப்பாகக் கழற்றி, அந்தச் செருப்பால் தூரத்தை அளக்கிறார்கள்.

இதற்கு முந்தைய வருடம், கி.மு. 424-இல், ‘குதிரைவீரர்கள்’ பராபஸிஸில் அரிஸ்டோஃபனீஸ் மூத்த கவிஞர் கிராட்டினஸை வாரியிருந்தார். ஒரு காலத்தில் வெள்ளமாகப் பாய்ந்து மரங்களை வேரோடு சாய்த்தவர், இப்போது வாடிய மாலையைப் போட்டுக்கொண்டு தொண்டை வறண்டு அலைகிறார், பாவம், யாராவது ஊற்றிக் கொடுங்கள் என்கிற தொனி. கிராட்டினஸ் அந்தப் போட்டியிலேயே இருந்தார். முதல் பரிசு அரிஸ்டோஃபனீஸுக்கு, இரண்டாவது அவருக்கு.

கிழவர் ஒரு வருடம் காத்திருந்தார். 423-இல் ‘மதுக் குடுவை’ என்று ஒரு நாடகத்தோடு வந்தார். அதில் நாயகன் கிராட்டினஸேதான். அவர் மனைவியின் பெயர் நகைச்சுவை. என்னை விட்டுவிட்டுக் குடியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று அவள் புருஷன் மேல் புகார் சொல்கிறாள். தன்னைக் குடிகாரன் என்றதை அப்படியே வாங்கி நாடகமாக்கி, முதல் பரிசை வாங்கிக்கொண்டு போனார். இரண்டாமிடம் நம் அமெய்ப்ஸியாஸ். ‘மேகங்கள்’ மூன்றாவது.

அரிஸ்டோஃபனீஸால் இதைத் தாங்கவே முடியவில்லை. நம் கையில் இருக்கும் ‘மேகங்கள்’ அவர் பிறகு திருத்தி எழுதியது; அதன் பராபஸிஸில், என் ஆகச் சிறந்த நாடகத்தைத் தோற்கடித்தீர்களே என்று பார்வையாளர்களைக் கடிகிறார். மற்றவர்கள் மாதிரி என் நாடகத்தில் “ஐயோ ஐயோ” என்று கத்திக்கொண்டு வருகிற மலிவெல்லாம் இல்லை என்றும் பெருமைப்படுகிறார். நாடகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் வார்த்தையே “ஐயோ ஐயோ”.

சாக்ரட்டீஸுக்கு இது விளையாட்டாக முடியவில்லை. கி.மு. 399-இல் அவர் மேல் வழக்கு வந்தபோது, தன்னைப் பற்றிய தப்பெண்ணத்துக்கு இந்த நாடகத்தையும் அவர் குறிப்பிட்டதாகப் பிளாட்டோ எழுதியிருக்கிறார். வீரியமான நாடகம், ஆனால் மனம் ஒப்பிச் சிரிக்க முடியாத இடங்கள் எனக்கு இதில் உண்டு.

இந்த மூன்றும் முடிந்தபின் வரிசை உங்கள் இஷ்டம். போர் வேண்டாம் என்பவை மூன்று: ‘அக்கார்னியர்கள்’ (ஒரு குடியானவன் ஸ்பார்ட்டாவோடு தனக்கு மட்டும் சமாதானம் செய்துகொள்கிறான், ஐந்து, பத்து, முப்பது வருட ஒப்பந்தங்களை மது மாதிரி ருசி பார்த்து வாங்குகிறான்), ‘அமைதி’ (சாணிவண்டு மேலேறி வானத்துக்குப் போவது), ‘லிசிஸ்ட்ராட்டா’. ‘பறவைகள்’ கடைசியில். நான் சொன்னால் கேளுங்கள்.

தொலைந்தவர்கள்

கிராட்டினஸ், யூப்போலிஸ், அமெய்ப்ஸியாஸ் யாருக்கும் ஒரு முழு நாடகம் கூட மிஞ்சவில்லை. அரிஸ்டோஃபனீஸுக்குப் பின் வந்த ‘இடை நகைச்சுவை’ என்கிற கட்டமும் துணுக்குகளாகத்தான் இருக்கிறது. அதில் பெரும்பங்கைக் காப்பாற்றியவர் அத்தீனயஸ், கி.பி. 200 வாக்கில் விருந்துப் பேச்சாக ஒரு பெரிய நூல் எழுதியவர். சாப்பாட்டுப் பிரியர் ஆகையால் சமையல்காரனும் மீன்காரனும் வரும் வரிகளே அதிகம். அந்தக் கட்டத்துக் கவிஞர் செனார்கஸின் ஒரு துண்டு: மீன் மேல் தண்ணீர் தெளிக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. மீன்காரன் ஒருவன் பார்த்தான், சரக்கு காய்கிறது. வேண்டுமென்றே ஒரு சண்டையை மூட்டினான். அடிபட்ட ஒருவன் மீன்களுக்கு நடுவில் மயங்கி விழுகிற மாதிரி விழுந்தான். “தண்ணி, தண்ணி!” என்று ஒருவன் கத்த, இன்னொருவன் குடத்தோடு வந்து ஊற்றினான். அவன் மேல் கொஞ்சம், மீன் மேல் மீதி எல்லாம்.

அதே கட்டத்துக் கவிஞர் அன்டிஃபனீஸின் ஒரு துண்டும் தேடிப் படியுங்கள். சோக நாடகக்காரனுக்கு என்ன கஷ்டம், ஈடிபஸ் என்று பெயரைச் சொன்னால் போதும், மிச்சக் கதை எல்லாருக்கும் தெரியும். நாங்களோ பெயரிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்க வேண்டும் என்று அலுத்துக்கொள்கிறார்.

கடைசியாக மெனாண்டர்

இவர்களுக்கும் பின்னால் வந்த நகைச்சுவைக் கவிஞர் மெனாண்டரை முன்னாடியே படிக்காதீர்கள். இலகுவாகத்தான் இருக்கும், ஆனால் “இதைத்தான் நூறு தடவை பார்த்திருக்கிறோமே” என்று தோன்றும். காதலுக்குக் குறுக்கே நிற்கும் அப்பா, புத்திசாலி வேலைக்காரன், தொலைந்த பிள்ளை, கடைசிக் கட்டத்தில் கல்யாணம். அவரிடமிருந்தும் ஃபிலேமான், டிஃபிலஸிடமிருந்தும் ரோமில் பிளாட்டஸும் டெரன்ஸும் எடுத்தார்கள். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் போனது. அரிஸ்டோஃபனீஸின் கூச்சலிலிருந்து நேராக இங்கே வந்தால்தான் எவ்வளவு மாறிவிட்டது என்று தெரியும். அரசியல்வாதி பெயர் அநேகமாக அடிபடுவதில்லை. கோரஸுக்கு வரியே இல்லை. சுவடியில் அங்கங்கே ‘கோரஸ்’ என்று ஒரு சொல் மட்டும்.

இவரும் தொலைந்தவர்தான். 1905-இல் எகிப்தில் ஒரு ஜாடி நிறையப் பழைய பத்திரங்கள் கிடைத்தபோது, அவற்றுக்கு மூடாக்காக வைத்திருந்தவை மெனாண்டரின் ஏடுகள். ‘சிடுமூஞ்சி’ என்று சொல்லத்தக்க ‘டிஸ்கோலோஸ்’ ஏறக்குறைய முழுசாக அச்சுக்கு வந்தது 1950-களின் இறுதியில். வேதாகமம் படித்தவர்கள் தெரியாமலேயே அவருடைய ஒரு வரியை அறிவார்கள்: “ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்.” பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், 15-ஆம் அதிகாரத்தில் எடுத்தாளும் இந்த வரி மெனாண்டரின் ‘தாயிஸ்’ நாடகத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

‘டிஸ்கோலோஸ்’ நாடகத்திலேயே ஆரம்பியுங்கள். யாரையும் வாசல்படி மிதிக்க விடாத க்னீமோன் என்ற கிழவர். பக்கத்துக் கோயிலில் படையல். சமையல்காரன் சீகோனுக்கு ஒரு பானை குறைகிறது. இரவல் கேட்பதில் நான் கைதேர்ந்தவன் என்று பீற்றிக்கொண்டு போகிறான் அவன்: வயசானவர் கதவைத் திறந்தால் “அப்பா” என்று கூப்பிட வேண்டும், கிழவி என்றால் “அம்மா”. கிழவர் கதவைத் திறக்கிறார். அடி வாங்காத குறைதான். பின்னால் கிழவர் கிணற்றில் விழுந்து, எழுந்து, கொஞ்சம் மனம் இளகிப் படுத்திருக்கும்போது, சீகோனும் ஓர் அடிமையும் பழிவாங்க வருகிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கதவைத் தட்டி, பானை வேண்டும், கம்பளம் வேண்டும் என்று கேட்டே கிழவரை உயிரெடுக்கிறார்கள். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு போய் விருந்தில் ஆடவும் வைக்கிறார்கள்.

நூற்றுக்கு மேல் எழுதிய மெனாண்டர் ஜெயித்தது எட்டே முறை. ‘டிஸ்கோலோஸ்’ முடியும்போது, கைதட்டுங்கள் என்று கேட்டுவிட்டு, சிரிப்பை விரும்பும் வெற்றித் தேவதை எப்போதும் எங்கள் பக்கம் இருக்கட்டும் என்கிறார்கள். கி.மு. 316 லெனையாவில் அவள் அவர்கள் பக்கம்தான் இருந்தாள்.